ஒரு பாகை தவறினால்...

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சூரியனைப் பார்க்கப் போன இடத்தில் ஒரு சிறு பந்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன் என்றால் நண்பர்கள் சிரிப்பார்கள். ஆயினும் நடந்தது அதுதான்.

சென்ற ஆண்டு எங்கள் துறையினர் கொடைக்கானலில் உள்ள சூரிய ஆய்வுக்கூடத்திற்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். அதைக் கண்டு முடித்துத் தூண் பாறையை நோக்கிப் பேருந்து சென்றபோது, வழியில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல ஒரு மைதானம் தெரிந்தது. 1895-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பின் மைதானம் அது. பேருந்து சற்று நின்ற வேளையில் முதியவர் ஒருவரைக் கண்டோம். பந்திலிருந்து குழிக்கு நான்கைந்து எட்டுத்தான் இருக்கும். அவர் முன்னே போய்ப் பார்த்தார். பின்னே வந்து பார்த்தார். மூச்சை அடக்கிக்கொண்டு மெல்லத் தட்டினார். பந்து குழியின் விளிம்பை உரசிவிட்டு அப்பால் போய்விட்டது.

பேருந்து முழுவதும் சிரிப்பு. "எங்கள் தெருப் பையன் கோலிக் குண்டை இதைவிடத் தூரத்திலிருந்து அடிப்பான்" என்றேன் நான். முன் இருக்கையில் இருந்த விரிவுரையாளர் திரும்பி, "எத்தனை பாகை தவறினால் பந்து குழியில் விழாது? கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் சிரி, தம்பி" என்றார்.

அந்தக் கணக்கும், அது என்னை இழுத்துச் சென்ற வழியுமே இக்கட்டுரை.

பட்டர் என்பது யாது?

கோல்ஃப் ஸ்காட்லாந்தில் வளர்ந்த விளையாட்டு. ஆங்கிலேயர் அதனை நம் நாட்டுக்குக் கொண்டு வந்தனர். 1829-இல் கல்கத்தாவில் தோன்றிய கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள கோல்ஃப் கிளப்புகளில் மிகப் பழமையானது. ஒரு பந்தைக் கோல்களால் அடித்து, பதினெட்டுக் குழிகளில் ஒன்றன்பின் ஒன்றாக விழச் செய்ய வேண்டும். மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவரே வென்றவர்.

தூரம் அடிக்க ஒரு கோல், மணலிலிருந்து எடுக்க ஒரு கோல் எனப் பல கோல்கள் உண்டு. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில் பந்தை உருட்டிவிடும் கோலுக்குப் 'பட்டர்' என்று பெயர். (இது ரொட்டியில் தடவும் பட்டரும் அன்று, பெருமாள் கோயில் பட்டரும் அல்லர்!) பார்வைக்கு எளிய கோல்தான். ஆனால், 72 அடிகளில் முடிக்க வேண்டிய ஆட்டத்தில், குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகளை இந்த உருட்டலுக்கென்றே ஒதுக்கிக் கணக்கு வகுத்திருக்கிறார்கள். எனவே ஆட்டத்தின் பாதி இந்தக் கோலில் இருக்கிறது.

கணக்கு

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர்; ஆரம் 54 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, நிறை 45.93 கிராமுக்கு மிகக் கூடாது. இவை விதிகள்.

பந்து குழியிலிருந்து 3 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். தட்டும்போது திசை ஒரே ஒரு பாகை தவறுகிறது. 3 மீட்டரை ஒரு பாகையின் டேன்ஜென்ட் மதிப்பாகிய 0.0175-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 52 மில்லிமீட்டர் வருகிறது. அதாவது பந்து சரியாகக் குழியின் விளிம்பில் போய் நிற்கும்! 6 மீட்டர் தொலைவாயின், அதே ஒரு பாகைப் பிழை 105 மில்லிமீட்டராகிவிடும். பந்து குழியைத் தொடவும் தொடாது.

ஒரு பாகை என்பது எவ்வளவு? நம் ஜியோமிதிப் பெட்டியில் உள்ள கோணமானியில் அடுத்தடுத்த இரு சிறு கோடுகளுக்கு இடைப்பட்ட அளவு. அந்த அளவுக்குள் கையை அடக்க வேண்டும். கணக்கு முடிந்ததும் அந்த முதியவரை நினைத்து வெட்கப்பட்டேன்.

இந்த நுட்பத்தின் விலை என்ன என்பதை நம் நாட்டு வீராங்கனை ஒருவர் அறிவார். பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், தம் தாயாரே பையைச் சுமந்து உடன்வர, நான்கு நாட்கள் ஆடினார். பந்தை உருட்டிக் குழியில் சேர்ப்பதில் அவர் உலகின் முன்னணி ஆட்டக்காரர்களையே வியக்க வைத்தார். எனினும் கடைசிக் குழியில் அவர் உருட்டிய பந்து உள்ளே விழவில்லை. நான்கு நாட்களின் முடிவில் ஒரே ஓர் அடி வேறுபாட்டில் பதக்கம் போயிற்று. நான்காம் இடமே கிடைத்தது.

பிழைகள் இரண்டு

உருட்டும்போது நேரும் பிழைகளை இரண்டாகப் பிரிக்கலாம். கோலின் முகம் இலக்கை நோக்காமல் சற்றே திரும்பியிருப்பது ஒன்று. முகத்தின் நடுவில் படவேண்டிய பந்து ஓரத்தில் படுவது மற்றொன்று. முதலாவது கண்ணின் பிழை. இரண்டாவது கையின் பிழை. கண்ணும் கையும் மனிதனுடையவை; தவறத்தான் செய்யும். கோலின் வடிவத்தை மாற்றி அத்தவற்றின் தண்டனையைக் குறைக்க முடியுமா என்பதே கேள்வி.

செருப்புத் தைத்தவர் கண்ட வழி

இரண்டாம் பிழைக்கு விடை கண்டவர் கார்ஸ்டன் சோல்ஹைம். 1911-இல் நார்வேயில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் அமெரிக்கா சென்றவர். தந்தை செருப்புத் தைக்கும் தொழிலாளி. மகன் பொறியியல் படிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். பணமில்லாமல் ஓராண்டிலேயே படிப்பை விட்டுவிட்டுத் தாமும் செருப்புத் தைக்க உட்கார்ந்தார். பின்னர் முயன்று படித்துப் பொறியாளராகி, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியில் அமர்ந்தார். நண்பர்கள் அழைக்கவே நாற்பது வயதுக்கு மேல் கோல்ஃப் ஆடத் தொடங்கினார். பட்டர் அவருக்கு வசப்படவில்லை. நம்மைப் போன்றவர்கள் கையை நொந்துகொள்வோம். அவர் கோலைச் சந்தேகித்தார்.

கோலின் தலைக்கும் பாதத்தைப் போலவே நுனி, குதிகால் என்று பெயர். அக்காலத்துப் பட்டர்களில் பெரும்பாலானவற்றின் தலை, ஒரே சீரான உலோகத் துண்டாக இருந்தது. சோல்ஹைம் நடுவிலிருந்த கனத்தை எடுத்து நுனியிலும் குதிகாலிலும் வைத்தார். 1959-இல் தம் வீட்டுக் கார்க் கொட்டகையில் முதல் கோலைச் செய்து பந்தைத் தட்டியபோது, நம் ஆய்வகத்து இசைக்கவையைப் போல 'பிங்' என்று ஒலித்ததாம். அதுவே பெயராயிற்று. 1966-இல் இதனைத் திருத்தி 'ஆன்சர்' என்னும் கோலை அமைத்தார். அதன் முதல் படத்தை வரைந்தது ஓர் இசைத்தட்டின் காகித உறையின் மேல்! இன்று உலகில் விற்கும் பட்டர்களில் எத்தனையோ அந்த வடிவத்தின் வழிவந்தவையே.

கழைக்கூத்தாடியும் நிலைமத் திருப்புத்திறனும்

கனத்தை ஓரங்களுக்குத் தள்ளினால் என்ன ஆகும்? திருவிழாவில் கயிற்றின் மேல் நடக்கும் கழைக்கூத்தாடியை எண்ணிப் பாருங்கள். அவர் கையில் நீண்ட கழி ஒன்று இருக்கும். கழியின் நிறை நடுவிலிருந்து விலகிப் பரவியிருப்பதால் அது சட்டென்று சுழலாது. சுழலாமல் எதிர்க்கும் இப்பண்பையே நாம் முதலாண்டில் 'நிலைமத் திருப்புத்திறன்' என்று படித்தோம்.

சீரான தண்டு ஒன்றுக்கு, அதன் நடுப்புள்ளி வழியாக இம்மதிப்பு நிறையையும் நீளத்தின் இருமடியையும் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தது. அதே நிறையை இரு சமக் கூறாக்கி இரு முனைகளில் வைத்தாலோ, வகுக்கும் எண் நான்கு. கனம் கூடவில்லை, நீளமும் கூடவில்லை, எதிர்ப்பு மட்டும் மூன்று மடங்காகிறது!

இதனால் என்ன பயன்? கோலின் தலை 350 கிராம், நீளம் 11 சென்டிமீட்டர் என்று கொண்டேன். பந்து நடுவிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளிப் படுகிறது. கை, தண்டு இவற்றின் விளைவைக் கணக்கில் எடுக்கவில்லை. நடுவில் பட்டால் 6 மீட்டர் ஓடவேண்டிய பந்து, சீரான தலையாயின் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் முன்னதாகவே நின்றுவிடும். கனம் முழுவதும் ஓரங்களில் இருப்பின் குறைவு 18 சென்டிமீட்டர் அளவே. தலை சுழல்வதில் வீணாகும் ஆற்றல் குறைவதே காரணம். உண்மைக் கோலில் கனம் முழுவதையும் முனைகளில் வைக்க இயலாது. ஆகவே நன்மை இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கும். கையால் திருத்திக்கொள்ளலாமே என்பீர்கள். பந்தும் கோலும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. கைக்குச் செய்தி எட்டுமுன் பந்து கிளம்பிவிடும்.

அத்தாவின் பட்டறையில்

கணக்கை நம்பினேன், கண்ணால் காணவும் ஆசை. என் அத்தா பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றதே திண்டுக்கல் பூட்டு, அதை உருவாக்கும் ஆயிரம் கைகளில் இரண்டு அவருடையவை. ஒரு விடுமுறை நாளில் என் படத்தைக் காட்டினேன். "இது பூட்டா, சாவியா?" என்றார். விளக்கியதும், கழிவு இரும்பில் இரண்டு துண்டுகள் வெட்டினார். ஒன்று சீரான பட்டை. மற்றொன்று அதே நீளம்; நடுவில் அரத்தால் இழைத்து மெலிதாக்கி, இரு முனைகளில் கனத்தை நிறுத்தியது. தராசில் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து, இம்மியும் வேறுபாடில்லாமல் சமமாகும்வரை அவர் அரத்தைக் கீழே வைக்கவில்லை. மூங்கில் பிடிகள் பொருத்தினோம்.

கோல்ஃப் பந்துக்கு எங்கே போவது? கிரிக்கெட் ஆடும் கார்க் பந்தை வீட்டுச் சிமெண்டுத் தரையில் வைத்து, வேண்டுமென்றே ஓரத்தில் தட்டினேன். சீரான பட்டை கைக்குள் வெடுக்கென்று திரும்பியது. பந்து சோர்ந்து நின்றது. மற்றது அசைந்தும் அசையாமலும் இருந்தது. பந்து இன்னும் தூரம் ஓடியது. அத்தாவும் தட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு துண்டுகளையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எடை ஒண்ணுதான், குணம் வேறயா இருக்கே" என்றார். அரையாண்டுத் தேர்வில் நான் இரண்டு பக்கம் எழுதிய விடை அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது.

கண்ணுக்குத் துணை

இனி முதற் பிழை. கோலின் முகம் இலக்குக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று கண் எவ்வாறு அறியும்? முகத்தின் விளிம்பு குறுகியது. அதன் சாய்வைக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் இரு கோடுகள் ஒரே நேரில் அமைந்துள்ளனவா என்பதைக் காண்பதில் நம் கண் மிகக் கூர்மையானது. வெர்னியர் அளவுகோலை நாம் படிப்பது இந்தத் திறனால்தான். ஆகவே தலையின் மேற்புறத்தில் முகத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு தீட்டினர். 2001-இல் ஒடிஸ்ஸி நிறுவனம் இன்னும் ஒருபடி சென்று, பந்தின் அளவிலேயே இரண்டு வெள்ளை வட்டங்களைத் தலையின் பின்புறம் வரிசையாக அமைத்தது. உண்மைப் பந்தையும் சேர்த்தால் மூன்று வட்டங்கள். மூன்றும் ஒரே கோட்டில் தெரிந்தால் முகம் நேராக இருக்கிறது என்று பொருள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கண் பந்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். இல்லையேல், ஆய்வகத்தில் நம் மதிப்பெண்ணைக் குறைக்கும் அதே இடமாறு தோற்றப் பிழை இங்கும் வந்து சேரும்.

புதுமையை விளையாட்டு உலகம் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1904-இல் வால்ட்டர் டிராவிஸ் என்னும் அமெரிக்கர், தலையின் நடுப்பகுதியில் தண்டு பொருத்திய ஸ்கெனெக்டடி பட்டரால் பிரிட்டிஷ் அமெச்சூர் போட்டியை வென்றார். சில ஆண்டுகளில் அவ்வகைக் கோலுக்கு பிரிட்டனில் தடை வந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அத்தடை நீங்கியது.

முடிவாக

நல்ல கருவி ஆட்டக்காரனுக்குத் திறமையைத் தருவதில்லை. அவன் தவற்றைக் கண்ணுக்குக் காட்டுகிறது. தப்பித் தவறிச் செய்துவிட்டால் அதன் தண்டனையைக் குறைக்கிறது. கோல்ஃப் பணக்காரர் விளையாட்டாக இருக்கலாம். அந்த மைதானத்தில் நான் என்றும் ஆடாமலும் போகலாம். ஆனால் அந்தக் கோலுக்குள் இருக்கும் இயற்பியல் எவருக்கும் தனியுடைமை அன்று. அது பூட்டுப் பட்டறையிலும் இருக்கிறது, கயிற்றின் மேலும் இருக்கிறது.

தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்பெற்ற பேகம்பூரில் பிறந்தவன் நான். தோலோடு பாடுபடுவோரின் கைகளை அறிவேன். பணமின்றிப் படிப்பை விட்டுச் செருப்புத் தைத்த சோல்ஹைமின் கதை அதனால்தான் என்னை விடவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இன்னும் ஓராண்டு இருக்கிறது. அத்தா செய்த அந்த இரண்டு இரும்புத் துண்டுகளும் என் மேசைமேல் இருக்கின்றன. காண விரும்பும் நண்பர்கள் வரலாம். கார்க் பந்தும் தயாராக உள்ளது.