மாயலோகத்துக் குடிக்கூலி

சந்தா என்ற சொல் பத்திரிகை நடத்துவோருக்குப் புதிதன்று. வாசகர் செலுத்தும் சந்தாவைக் கொண்டே பத்திரிகைகள் உயிர் வாழ்ந்து வருகின்றன. சந்தா நின்றுவிட்டால் மறுநாள் பத்திரிகை வராது, அது நியாயமே. ஆனால், அதுவரை வந்து சேர்ந்த பத்திரிகைகளை நாம் வாசகர் வீட்டுக்குள் புகுந்து எடுத்துக்கொண்டு போவதில்லை. அவை அவருடைய சொத்து. இஷ்டப்பட்டால் கட்டி வைத்துப் பேரனுக்குக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் எடைக்குப் போடலாம். இக்காலத்திலோ வேறொரு வகைச் சந்தா உலகமெங்கும் பரவியிருக்கிறது. மாதந்தோறும் பணம் கட்டிப் பல வருஷம் பாடுபட்டுப் பேரும் பொருளும் நட்பும் தேடிக்கொண்ட ஒருவன், சந்தாவை நிறுத்தினால் வெறுங்கையோடு வெளியே நிற்கிறான். கம்பெனியார் கடையைக் கட்டிவிட்டாலோ, சந்தா செலுத்தச் சித்தமாயிருப்பவனுக்கும் அதே கதிதான். இணையத்தின் வழியாகப் பல்லாயிரம் பேர் ஒரே காலத்தில் வேஷம் பூண்டு ஆடும் விளையாட்டுக்களைப் பற்றியே சொல்லுகிறோம்.

விளையாட்டைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதுவானேன் என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். வாலிபர்களின் நேரமும் உழைப்பும் எங்கே போகின்றன என்பது தேச விஷயமே. மேலும், இவ்விளையாட்டில் உரிமையைப் பற்றிய பழைய வழக்கு ஒன்று புது உருவில் எழுந்திருக்கிறது. அதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும்.

இவ்விளையாட்டின் வித்து 1978-ம் வருஷத்தில் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலையில் ஊன்றப்பட்டது. ராய் டிரப்ஷா, ரிச்சர்டு பார்ட்டில் என்னும் இரு மாணவர்கள் எழுத்துக்களாலேயே ஓர் உலகத்தைக் கம்ப்யூட்டரில் சமைத்து, அதில் பலர் ஒன்றாக உலாவும்படி செய்தார்கள். வியாபாரிகள் அதைக் கண்டுகொள்ள அதிக காலம் ஆகவில்லை. 1997-ல் 'அல்டிமா ஆன்லைன்' மாதம் 9.95 டாலர் சந்தாவில் வெளிவந்தது. 1999-ல் 'எவர்க்வெஸ்ட்' வந்தது. 2004 நவம்பரில் பிளிஸார்டு கம்பெனியார் 'வேர்ல்டு ஆப் வார்கிராப்ட்' என்பதை மாதம் 14.99 டாலர் சந்தாவில் வெளியிட்டார்கள். 2010-ம் வருஷம் அதன் சந்தாதாரர் தொகை ஒரு கோடியே இருபது லட்சத்தை எட்டிற்று. அப்போது சுவீடன் தேசத்து ஜனத்தொகைகூட அவ்வளவு இல்லை.

அந்த உலகத்தில் நுழைகிறவன் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வைத்தியனாகவோ வேஷம் தரித்துக்கொண்டு கடைசிப் படியில் தொடங்குகிறான். ஓநாய்களைக் கொல்லுகிறான், மூலிகை பறிக்கிறான், தொழில் பயிலுகிறான். ஒவ்வொரு வேலைக்கும் கூலி உண்டு. வேலை செய்யச் செய்யப் படி உயர்கிறது. உச்சிப் படியை அடைந்த பிறகு தனியே செய்யக்கூடியது சொற்பம். ஆரம்ப காலத்தில் 'மோல்ட்டன் கோர்' என்னும் அக்கினிக் குகையின்மீது படையெடுக்க நாற்பது பேர் வேண்டியிருந்தது. நாற்பது பேரும் குறித்த நாழிகையில் கூடவேண்டும். அடி தாங்குகிறவன், அடிக்கிறவன், காயத்தை ஆற்றுகிறவன் என்று வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சிலர் தவறினாலும் அத்தனை பேரும் மாண்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதற்காக ஆடுவோர் 'கில்டு' என்னும் சங்கங்களை அமைத்து, வரவுப் பதிவு வைத்து, கிடைத்த பொருளைப் பங்கிடக் கணக்கு முறைகளும் வகுத்துக்கொண்டார்கள். இவர்களுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. இவர்கள்தான் பணம் கட்டினார்கள்.

இதில் மயங்குவதற்கு என்ன இருக்கிறது என்று ஏளனம் செய்வது எளிது. நாம் அப்படிச் செய்யமாட்டோம். வெளியுலகத்தில் பாடுபடுகிறவனுக்குப் பலன் கிடைப்பது நிச்சயமில்லை. சிபார்சும் செல்வமும் குலமும் குறுக்கே நிற்கின்றன. மாயலோகத்திலோ செய்த வேலைக்கு அந்தக் கணமே கூலி கிடைக்கிறது. அங்கே எவனுடைய தகப்பனார் யார் என்று எவரும் விசாரிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, "இன்றிரவு ஒன்பது மணிக்கு நீ வராவிட்டால் எங்களால் முடியாது" என்று சொல்ல முப்பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். தான் வேண்டப்படுகிறோம் என்ற உணர்ச்சிக்கு ஈடான கவர்ச்சி மனிதனுக்கு வேறெது?

நார்வே தேசத்தில் தசைகள் நாளுக்கு நாள் நலியும் கொடிய வியாதியோடு பிறந்த ஓர் இளைஞர் சக்கர நாற்காலியில் வாழ்ந்து, 2014-ல் இருபத்தைந்தாம் வயதில் காலமானார். தம் பிள்ளை நண்பரென்று ஒருவருமின்றித் தனிமையிலேயே போய்விட்டான் என்று பெற்றோர்கள் நினைத்து வருந்தினார்கள். மரணச் செய்தியை அவருடைய இணையப் பக்கத்தில் அறிவித்ததும், பல தேசங்களிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. வார்கிராப்ட் உலகத்தில் அவர் பலருக்கு உற்ற தோழராகவும் ஆறுதலாகவும் விளங்கியிருந்தார். அவருடைய கில்டைச் சேர்ந்தவர்களில் சிலர் கடல் கடந்து வந்து ஈமச்சடங்கில் கலந்துகொண்டார்கள். இவ்வரலாறு 2024-ல் திரைப்படமாகவும் வெளிவந்தது. மாயலோகத்தில் உண்டாகும் நட்பு மாயை அன்று என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

இனி, விலையைப் பார்ப்போம். மாதம் 15 டாலர் பெருந்தொகை அன்று என்பார்கள். இருபது வருஷம் விடாமல் கட்டியவன் 3,500 டாலருக்கு மேல் செலுத்தியிருப்பான். இடையிடையே புதுப் பிரதேசங்கள் திறக்கும்போது வாங்கும் விலை தனி. எனினும், பணம் சிறிய செலவே. பெரிய செலவு நேரம். ஆராய்ச்சியாளர் நிக் யீ என்பவர் ஆயிரக்கணக்கான பேரை விசாரித்து எழுதிய கட்டுரைகளின்படி, இவ்வகை விளையாட்டுக்களை ஆடுவோர் சராசரியாக வாரத்துக்குச் சுமார் 22 மணி நேரம் செலவிட்டார்கள். வருஷத்துக்கு 1,144 மணி. நாளொன்றுக்கு எட்டு மணி வேலை என்று வைத்துக்கொண்டால் 143 வேலை நாட்கள்.

நம் ஊர்த் தெருக்கூத்து விடிந்ததும் மங்களம் பாடி முடிகிறது. பார்த்தவன் எழுந்து வயலுக்குப் போகிறான். சந்தா விளையாட்டுக்கு மங்களம் கிடையாது. கதை முடிந்தால் சந்தாவும் முடிந்துவிடும் அல்லவா? 2007 ஜனவரியில் வார்கிராப்ட் உலகத்தில் புதுக் கண்டம் ஒன்று திறக்கப்பட்டது. உச்சிப் படி 60-லிருந்து 70 ஆயிற்று. மாதக்கணக்கில் நாற்பது பேர் கூடிப் போராடிப் பெற்ற ஆயுதங்கள், புதுப் பிரதேசத்தில் சாமான்ய வேலைக்குக் கூலியாகக் கிடைத்த ஆயுதங்களுக்குப் பின்தங்கின. ஆகவே, மறுபடியும் உழைப்பு, மறுபடியும் சந்தா.

இன்னொரு தந்திரமும் சொல்லத்தக்கது. வார்கிராப்டைச் சோதனை பார்த்த காலத்தில், நெடுநேரம் ஆடுகிறவனுக்குப் பலன் பாதியாகக் குறையும்படி விதித்தார்கள். ஆடியவர்கள் ஆத்திரப்பட்டார்கள். கம்பெனியார் எண்களை மாற்றி எழுதி, பழைய முழுப் பலனை 'இளைப்பாறியவனுக்கு இரட்டிப்பு' என்றும், பழைய பாதிப் பலனைச் 'சாதாரணம்' என்றும் பெயரிட்டார்கள். கணக்கு மாறவில்லை, பெயர் மாத்திரமே மாறிற்று. அபராதம் வெகுமதியாகக் காட்சியளித்ததும் எல்லோரும் திருப்தி அடைந்தார்கள். அரசியலில் இவ்வித்தையைப் பார்த்துப் பழகிய நம் நேயர்களுக்கு அதிக விளக்கம் தேவையில்லை.

மிதமிஞ்சி ஆடுவதை ஒரு நோயென்றே உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் தன் நோய்ப் பட்டியலில் ஏற்றுக்கொண்டது; அது 2022 முதல் அமலுக்கு வந்தது. ஆனால், படிப்பும் தொழிலும் குடும்பமும் கெட்டு, அந்நிலை சாதாரணமாக ஒரு வருஷமாவது நீடித்தால்தான் நோய் என்று அந்த ஸ்தாபனமே வரையறுத்திருக்கிறது. ஆடுகிறவர் எல்லோரையும் நோயாளிகள் என்பது பேதைமை. தென்கொரியாவில் 2011-ல் பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை ஆடலாகாதென்று சட்டம் செய்து, 2022-ல் அதைக் கைவிட்டார்கள். சீன சர்க்கார் 2021-ல் பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டு மணி முதல் ஒன்பது மணிவரை மாத்திரமே அனுமதி என்று உத்தரவிட்டார்கள். இவையெல்லாம் பிள்ளைகளைக் கட்டும் சட்டங்கள். வியாபாரியைக் கட்டுவது எது?

நம்முடைய முக்கிய ஆட்சேபம் இங்கேதான் தொடங்குகிறது. 2001-ல் எட்வர்டு காஸ்ட்ரொனோவா என்னும் அமெரிக்கப் பொருளாதார நிபுணர் எவர்க்வெஸ்ட் உலகத்தின் வரவு செலவை ஆராய்ந்து, ஆடுவோர் மணிக்கு 3.42 டாலர் பெறுமான பொருளை உண்டாக்குகிறார்கள் என்று கணக்கிட்டார். அப்பொருள் யாருடையது? ஹாலந்து தேசத்தில் 2007-ல் இரண்டு பையன்கள் மற்றொரு சிறுவனை அடித்து மிரட்டி, 'ரூன்ஸ்கேப்' விளையாட்டில் அவனுக்கிருந்த தாயத்தையும் முகமூடியையும் பறித்துக்கொண்டார்கள். கண்ணால் பார்க்கலாமேயன்றிக் கையால் தொட முடியாத இப்பொருள்கள் திருட்டுக்கு உட்படுமா என்ற வாதம் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. சிறுவன் நேரமும் முயற்சியும் செலவிட்டுச் சம்பாதித்தவை. அவன் வசத்தில் இருந்தவை. ஆகவே திருடத்தக்க பொருள்களே என்று 2012-ல் தீர்ப்பாயிற்று. இது ஒரு பக்கம். மறு பக்கத்தில், 2010-ல் அமெரிக்க அப்பீல் கோர்ட்டு ஒன்று பிளிஸார்டு கம்பெனியாரின் வழக்கில், வார்கிராப்ட் ஆடுகிறவர் அதன் பிரதியைப் பணம் கொடுத்து வாங்கியபோதிலும் அதற்குச் சொந்தக்காரர் ஆகார், அனுமதி பெற்றவரே என்று தீர்மானித்தது. ஒப்பந்தத்தின் ஷரத்துக்களும் அப்படியே சொல்லுகின்றன. பக்கத்து வீட்டுப் பையன் பறித்தால் திருட்டு; கம்பெனியார் பறித்தால் ஷரத்து!

வர்த்தகக் கம்பெனி ஒன்று நிலத்துக்கும் சட்டத்துக்கும் நாணயத்துக்கும் நீதிக்கும் தானே அதிபதியானால் என்ன நேரும் என்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1765-ல் வங்காளத்தின் திவானியைப் பெற்ற கம்பெனியை நாம் மறக்கவில்லை. விளையாட்டுக் கம்பெனியாரால் எவரும் பட்டினி கிடந்து சாகவில்லை, விரும்பியவன் வெளியேறலாம். ஆகவே, ஒப்புமையை அளவுக்கு மிஞ்சிக் கொண்டு போகவேண்டாம். ஆயினும் முறை ஒன்றே. 2023 அக்டோபரில் மைக்ரோஸாப்ட் கம்பெனியார் சுமார் 6,870 கோடி டாலருக்கு பிளிஸார்டின் தாய்க் கம்பெனியை வாங்கினார்கள். குடிகளின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அதே வருஷம் ஜனவரியில், பிளிஸார்டுக்கும் அதன் சீனக் கூட்டாளிக்கும் ஒப்பந்தம் முறிந்ததால், சீனாவில் அந்த உலகமே மூடப்பட்டது. திரும்பத் திறக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று.

ஆனால், குடிகள் எப்போதும் வாளாவிருப்பதில்லை. 2004-ல் சந்தா விளையாட்டாகத் தொடங்கிய 'சிட்டி ஆப் ஹீரோஸ்' என்பதை அதன் கொரியக் கம்பெனியார் 2012 நவம்பர் 30-ந் தேதி மூடினார்கள். அதற்கு முன்பே அவ்வுலகத்து ஜனங்கள் தங்கள் நகரத்துச் சிலையைச் சுற்றித் தீவட்டி ஏந்தி நின்றார்கள், விண்ணப்பங்களில் கையெழுத்திட்டார்கள். கம்பெனியார் செவிசாய்க்கவில்லை. சில அபிமானிகளோ அவ்விளையாட்டை எப்படியோ பெற்று இரகசியமாக நடத்தி வந்தார்கள். 2019-ல் அது வெளிப்பட்டது. கடைசியில், 2024 ஜனவரியில், 'ஹோம்கமிங்' என்ற அபிமானிகளின் குழுவுக்குக் கம்பெனியாரே அனுமதிப் பத்திரம் வழங்கினார்கள். இப்போது ஆடுவோரின் நன்கொடையைக் கொண்டே அந்நகரம் நடக்கிறது. சட்டத்தை மீறியது சரியா என்பது வேறு வாதம். அன்பு வைத்த ஜனங்களால் தங்கள் ஊரைத் தாங்களே நிர்வகிக்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

இந்தியப் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பணயம் வைத்தாடும் விளையாட்டுக்களைத் தடுக்கிறது. சூதாட்டத்தைத் தடுத்தது சரியே. சந்தா செலுத்தி ஆடும் விளையாட்டுக்களை அது வேறு வகையாகப் பிரித்து அனுமதிக்கிறது. அதையும் நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால், சந்தாதாரனின் பாத்தியதை என்ன என்பதையும் எழுதிவைக்க வேண்டும். மூடுவதற்கு முன் நியாயமான முன்னறிவிப்பு. மூடிய பின் ஆடியவர்களே நடத்திக்கொள்ள வழி. மாதந்தோறும் செலவான பணத்தையும் மணியையும் சந்தாதாரன் கண்ணுக்குத் தெரியக் காட்டும் கணக்கு. ஒருவனை விலக்கினால் அதற்குக் காரணமும் அப்பீலும். கேட்பவை இந்த நான்குதான்.

பிள்ளைகளின்மேல் கோபங்கொள்ளும் பெரியோர்களுக்கும் ஒரு வார்த்தை. நமது சங்கக் கூட்டம் மாலை ஆறு மணி என்று அச்சிட்டால் ஏழரைக்குக் கூடுகிறது. புதிதாக வந்த வாலிபன் பின் வரிசையில் உட்கார்ந்து, நான்கு பிரசங்கங்களைக் கேட்டுவிட்டு, எவரும் பெயர் விசாரிக்காமலே வீடு திரும்புகிறான். வீட்டில் அவனுக்காக முப்பத்தொன்பது பேர் காத்திருக்கிறார்கள். அவன் எங்கே போவான்? அடுத்த கூட்டத்தை ஆறு மணிக்கே தொடங்குவோம். அவன் பெயரைக் கேட்டு, அவனில்லாவிட்டால் நடவாத வேலை ஒன்றை அன்றே அவனிடம் ஒப்புவிப்போம்.