குப்பையாகிப் போன மறுப்பு

எஸ்பிஎம் தேர்வுக்குப் பிறகு, மேற்படிப்புக்கு உதவிநிதி கேட்டு ஓர் அறநிதிக்கு விண்ணப்பித்தேன். கிடைக்கவில்லை. அப்பா ஜாசின் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். பணம் இல்லையென்றால் படிப்பும் இல்லை. மேல்முறையீட்டுக் கடிதத்தை ஆங்கிலத்தில் நானே எழுதினேன். ‘உங்கள் மறுப்பு வருத்தம் தருகிறது’ என்பதற்கு ‘யுவர் ரிஃபியூஸ்’ என்று போட்டிருந்தேன். நல்லவேளை, அனுப்புமுன் ஆங்கில ஆசிரியையிடம் காட்டினேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “தம்பி, உங்கள் குப்பை வருத்தம் தருகிறது என்று எழுதியிருக்கிறாய்” என்றார்.

‘ரிஃபியூஸ்’ என்றால் மறுப்பது. அதே எழுத்துகளை முதல் அசையை அழுத்தி ‘ரெஃபியூஸ்’ என்று படித்தால் பெயர்ச்சொல், பொருள் குப்பை. மறுப்புக்கு ‘ரிஃபியூசல்’ என்று தனிச்சொல் இருக்கிறது. ‘ஹெல்ப்’, ‘ரிப்ளை’ போன்றவை வினையாகவும் பெயராகவும் அப்படியே நிற்பதால், இதுவும் நிற்கும் என்று நம்பிவிட்டேன்.

மலாய் நம்மைப் பழக்கிவிட்டது என்றும் நினைக்கிறேன். குவாட் என்றால் கெகுவாத்தான், திங்கி என்றால் கெதிங்கியான். முன்னும் பின்னும் ஒட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. அதே நினைப்பில் ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ‘னஸ்’ ஒட்டுகிறோம். ‘கைண்ட்னஸ்’ சரி. ஆனால் ‘ஸ்ட்ராங்’ ‘ஸ்ட்ரென்த்’ ஆகிறது, ‘ட்ரூ’ ‘ட்ரூத்’ ஆகிறது. ‘னஸ்’, ‘த்’ இரண்டும் ஆங்கிலத்தின் பழைய சொத்து. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு, லத்தீன் வழியாக ‘மெண்ட்’, ‘ஷன்’, ‘அல்’ வந்து குவிந்தன. எந்தச் சொல்லுக்கு எந்த விகுதி என்பதைச் சொல்லோடு சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

தமிழில் மட்டும் என்ன? கல் – கல்வி, அறி – அறிவு, நட – நடை. யாரும் ‘கல்வு’ என்பதில்லை. கெடு ‘கேடு’ ஆவதையும் சுடு ‘சூடு’ ஆவதையும் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று மனப்பாடம் செய்தோமே, ‘சிங்’ ‘சாங்’ ஆவதும் அதே கதைதான்! தமிழ் இலக்கணம் முவெட் தேர்வில் கைகொடுக்கும் என்று அப்போது யார் நினைத்தது?

இப்போது சொற்களை இணையாகத்தான் எழுதி வைக்கிறேன். ரிஃபியூஸ் – ரிஃபியூசல், அரைவ் – அரைவல், அப்ரூவ் – அப்ரூவல், மூன்றும் ஒரே பக்கத்தில். அதற்காகக் கட்டுரை முழுவதும் ‘ஷன்’ ‘ஷன்’ என்று அடுக்கினால் படிக்கச் சகிக்காது. ‘டிசைட்’ போதுமான இடத்தில் ‘மேக் எ டிசிஷன்’ எதற்கு?

கடிதத்தைத் திருத்தி அனுப்பினேன். முதல் பருவக் கட்டணத்தை மட்டும் தந்தார்கள்.