பரந்தன் தந்த பாடமும் மெல்லிய சவ்வும்

1950களில் எழுந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பை மின்பகுத்து எரிசோடாவும் குளோரீனும் ஆக்கியதை நம் முதியோர் அறிவர். போர்க்காலத்தில் அது மூடப்பட்டது. அம்மின்பகுப்பில் ஐதரசன் வாயுவும் கூடவே பிறக்கும். புகையற்ற எரிபொருளாகிய அதனை, இன்று நீரை மின்பகுத்தே உலகம் பெற முயல்கின்றது.

ஐதரசனும் ஒட்சிசனும் கலந்தால் வெடிப்பதற்கு ஒரு பொறி போதும். ஆகவே கலத்தினுள் ஒரு மெல்லிய சவ்வு அவற்றைப் பிரித்து நிற்கின்றது. 1960களில் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தில் உருவான 'நாபியோன்' அவ்வகையிற் புகழ்பெற்றது. எனினும், அது புளோரீன் சேர்ந்த பொருள். அவ்வினச் சேர்வைகள் மண்ணிலும் நீரிலும் எளிதில் அழிவதில்லை. ஆதலின் புளோரீனற்ற, ஆனால் உறுதி குன்றாத சவ்வை விஞ்ஞானிகள் தேடுகின்றனர்.

கிணற்று நீரை நம்பி வாழும் வன்னியில், எரிபொருள் மட்டுமன்றி அதனை ஆக்கும் கருவியும் தூயதாதல் வேண்டும். மாணவச் செல்வங்களே, இத்தேடலில் உங்களுக்கும் பங்குண்டு!