கத்திக்கு முன் செல்லும் காவல்

மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் வந்திறங்குவோரிடையே, எக்ஸ்ரே படங்கள் அடங்கிய பையைச் சுமந்துவரும் குடும்பங்களை நாம் அடிக்கடி காண்கிறோம். மேலூர், சிவகங்கை, இராமநாதபுரம் எனப் பல பக்கங்களிலிருந்தும் இதய அறுவைக்காக வருவோரும் அவர்களுள் உண்டு. "புண்ணே இன்னும் உண்டாகவில்லையே, அதற்குள் கிருமிக்கொல்லி ஊசி எதற்கு?" என்று அவர்கள் ஐயுறுவது இயல்பே. விடை காண்போம்.

இரத்தமே மருந்தின் வாகனம். கைநரம்பில் செலுத்தப்படும் மருந்து இரத்தத்தோடு கலந்து, இதயத்தின் சிறு தமனிகள் வழியே அதன் தசைக்குள் ஊறுகிறது. தோலையும் மார்பெலும்பையும் அவ்வாறே அடைகிறது. ஆனால் திறந்த இதய அறுவையில், இதயத் துடிப்பை நிறுத்தும் பொருட்டு மருத்துவர் பெருந்தமனியை இடுக்கியால் அடைக்கிறார். அப்போது உடலின் பிற உறுப்புகளுக்கு இயந்திரம் இரத்தம் அனுப்பும். இதயத் தசைக்கோ வழக்கமான இரத்த ஓட்டம் நின்றுவிடும். வாயில் அடைபட்டபின் வரும் காவலனால் பயன் என்ன? ஆகவேதான் தோலைக் கீறுவதற்கு முந்திய 60 நிமிடங்களுக்குள் செஃபாசோலின் போன்ற மருந்தைக் கொடுத்துவிடுகின்றனர்.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 2 கிராம். ஏறக்குறைய 2 மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள மருந்து பாதியாகக் குறையும். இயந்திரத்தில் நிரப்பிய நீர்மம் இரத்தத்தோடு கலந்து அதை மேலும் நீர்க்கச் செய்யும். எனவே அறுவை 4 மணி நேரத்தைக் கடந்தால் மறுமுறையும் செலுத்துவர்.

இவ்வுண்மையை 1961-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் பர்க் கினிப் பன்றிகளிடம் ஆய்ந்து நிறுவினார். கிருமி நுழையுமுன் கொடுத்த மருந்தே மிகுந்த பலன் தந்தது. 3 மணி நேரம் தாமதித்தபின் கொடுத்தது பயன்படவில்லை. அதே ஆண்டில்தான் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் திறந்த இதய அறுவை வெற்றி கண்டது.

இதில் குடும்பத்தாரின் கடமையும் உண்டு. பெனிசிலின் ஊசியால் முன்பு தடிப்போ மூச்சுத் திணறலோ ஏற்பட்டிருப்பின், அதை மறைக்காமல் மருத்துவரிடம் கூறவேண்டும். தேவையெனில் அவர் வேறு மருந்தைத் தேர்வார். "இன்னும் சில நாள் ஊசி போடுங்கள்" என்று வற்புறுத்தலும் தகாது. தொற்று இல்லாதபோது இத்தடுப்பு மருந்தை 48 மணி நேரத்திற்கு மேல் நீட்டிப்பதால் நன்மை இல்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவே அது வழிசெய்யும். மார்பெலும்பில் அத்தகைய கிருமி குடிபுகுந்தால், வெற்றிபெற்ற அறுவையும் உயிருக்கு ஊறாக முடியலாம்.

காவலன் உரிய நேரத்தில் வரட்டும்; பணி முடிந்தபின் விடைபெறட்டும். உண்மையைச் சொல்லி, மருத்துவர் சொற்கேட்டு நடப்பதே, அறுவை அறைக்கு வெளியே காத்திருக்கும் நாம் செய்யக்கூடிய பேருதவி.