எழுத்து அறியாத குழந்தை சொன்னபடி ஆடிய எந்திர ஆமை!

மூன்றரை வயதுக் குழந்தை. எழுதத் தெரியாது; படிக்கத் தெரியாது. ஆனால், அது கம்ப்யூட்டருக்கு உத்தரவு போட்டது. கம்ப்யூட்டரும் கீழ்ப்படிந்தது!

அமெரிக்காவில், மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 1974 முதல் 1976 வரை நடந்த அதிசயம் இது.

அங்கே ஓர் எந்திர ஆமை இருந்தது. கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்ற உடல். அடியில் சக்கரம். வயிற்றில் ஒரு பேனா! ஆமை ஊர்ந்தால் காகிதத்தில் கோடு விழும். அதை ஆட்டிவைப்பது கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டரிடம் பேச "லோகோ" என்று ஒரு பாஷை. பிள்ளைகளுக்காகவே 1967-ல் உண்டாக்கியது. எளியதுதான். ஆனால், டைப் அடிக்க வேண்டுமே! எழுத்து அறியாத பிஞ்சுகள் என்ன செய்யும்?

அங்கே ஆராய்ச்சி செய்துவந்த ரேடியா பெர்ல்மன் என்ற இளம்பெண் வழி கண்டார்.

முதலில், பொத்தான் பெட்டி. ஒரு பொத்தானை அமுக்கினால் ஆமை முன்னே போகும். இன்னொன்றை அமுக்கினால் திரும்பும். "பூம்" என்று ஊதவும் ஒரு பொத்தான்! செய்ததை நினைவில் வைத்துத் திரும்பச் செய்யவும் பொத்தான் உண்டு.

அடுத்தது சீட்டுப் பெட்டி. படம் போட்ட பிளாஸ்டிக் சீட்டுகளைக் குழந்தை வரிசையாகச் செருகவேண்டும். ஓரத்துப் பொத்தானை அமுக்கியதும் ஆமை ஒவ்வொரு சீட்டாகச் செய்துகொண்டே போகும். எந்தச் சீட்டு நடக்கிறதோ, அதன் அருகே விளக்கு எரியும். தப்பு எங்கே என்று குழந்தையே கண்டுபிடிக்கலாம். அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம். சீட்டைப் பிடுங்கி மாற்றினால் போதும்!

வரிசைகளுக்கு நிறம் உண்டு. "சிவப்பு வரிசையைச் செய்" என்று சொல்லும் சிவப்புச் சீட்டும் உண்டு. அந்தச் சீட்டைச் சிவப்பு வரிசையின் கடைசியிலேயே செருகினால்? செய்ததையே செய்துகொண்டு ஆமை ஓயாமல் சுற்றும்! கல்லூரி மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பாடம் இது.

இவ்வளவு நல்ல வேலையைப் பெர்ல்மன் பாதியில் விட்டுவிட்டார். அப்போது அந்தத் துறையில் பெண்கள் மிகக் குறைவு. "சின்னக் குழந்தைகளோடு விளையாடுகிறவள்" என்று எண்ணித் தம்மை விஞ்ஞானியாக மதிக்க மாட்டார்களோ என்று கூச்சமாக இருந்ததாம். பின்னாளில் அவரே சொன்னது இது.

மதிப்புக்குக் குறைவில்லை. கம்ப்யூட்டர்களை இணைக்கும் வலையில் செய்திகள் வழி தவறிச் சுற்றாமல் தடுக்கும் முறையை 1985-ல் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றார். ஓயாமல் சுற்றிய ஆமையை முன்பே பார்த்தவர் அல்லவா!

இன்று "கிபோ" என்ற எந்திரப் பொம்மை கடைக்கு வந்திருக்கிறது. மரக்கட்டைகளை ஒன்றோடொன்று கோத்துக் காட்டினால், அந்த வரிசைப்படி ஓடுகிறது. அதற்கும் எழுத்து வேண்டாம். டைப் அடிக்க வேண்டாம்.