ஒப்புநோக்கிய பின்னரே அழிப்போம்

நம் காரியவட்டம் வளாகத்துச் சுவடி நூலகத்தில் பல்லாயிரம் ஓலைச்சுவடிகள் காக்கப்படுகின்றன. ஓலை நெடுங்காலம் நில்லாது. பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியே நம் முன்னோர் நூல்களை வாழ்வித்தனர். ஓரெழுத்து மாறினும் பொருள் மாறும். ஆதலின் எழுதி முடித்ததும் மூலத்தோடு ஒப்புநோக்குவது கற்றோர் வழக்கம். கைப்பேசியிலிருந்து கணிப்பொறிக்குப் படங்களை மாற்றுவதும் இத்தகைய பெயர்த்தெழுதலே. ஒப்புநோக்குவதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

மாற்றிய கையோடு, இடம் போதவில்லை என்று கைப்பேசியில் உள்ளவற்றை அழிக்கிறோம். பின்னொரு நாள் திறந்தால் பாதிப் படம் சாம்பல் நிறமாய் நிற்கிறது. அஃது ஆய்வு மாணவர் ஒருவரின் களப்பணியாக இருக்கலாம். ஊரில் மறைந்த பாட்டியின் கடைசிப் படமாகவும் இருக்கலாம்.

இப்பழுது எவ்வாறு நேர்கிறது? 1992-இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறையில், படம் பெரும்பாலும் மேலிருந்து கீழாகச் சிறுசிறு கட்டங்களாகச் சுருக்கி எழுதப்படுகிறது. மாற்றம் நடுவில் நின்றால் வந்த பகுதி தெரியும். வராத பகுதி சாம்பலாகும். ஒவ்வொரு கட்டத்தின் ஒளியளவும் முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்றே குறிக்கப்படுவதால், இடையில் ஒரு பிட் பிழைபட்டாலும் அதன்பின் வரும் பகுதியெல்லாம் நிறம் திரியக்கூடும்.

இனி நோயின் இடத்தைத் தேடுவோம். முதலில், அதே படத்தைக் கைப்பேசியில் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். அங்கும் பழுதெனின் குற்றம் மெமரி கார்டிலோ கைப்பேசியின் நினைவகத்திலோ இருக்கலாம். அங்கு நன்றாயின் குற்றம் வழியிலோ கணிப்பொறியிலோதான். அடுத்து, இரண்டிடத்தும் கோப்பின் அளவைப் பாருங்கள். கணிப்பொறியில் குறைந்திருந்தால் மாற்றம் முற்றுப்பெறவில்லை. அளவு ஒத்திருந்தும் பழுதெனின், அப்படத்தை இரு கோப்புறைகளில் இருமுறை படியெடுத்து, இரண்டின் எஸ்.எச்.ஏ.-256 எண்ணையும் ஒப்பிடுங்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் என்னும் கட்டளை அவ்வெண்ணைத் தரும். எண்கள் வேறுபட்டால் கேபிள், யு.எஸ்.பி. துளை, கணிப்பொறியின் வட்டு அல்லது நினைவகம் ஆகியவற்றை ஐயுற வேண்டும். கேபிளை முதலில் மாற்றுங்கள். செலவு குறைந்த சோதனை அதுவே.

நிற்க. திறவாத படமெல்லாம் பழுதான படம் அன்று. இந்நகரப் பேருந்தின் மலையாளப் பலகையை, புதிதாய் வந்த நம்மவர் படிக்க இயலாவிடில் அது பலகையின் குற்றமா? ஐபோன் 2017 முதல் கையாளும் ஹெச்.இ.ஐ.சி. வகையைச் சில கணிப்பொறிகள் அறியா. அதற்குரிய மென்பொருளை நிறுவினால் படம் தெரியும். மாற்றம் இடையில் அறுபடுவதும் உண்டு. அனுப்பும்போதே ஜேபெக்காக மாற்ற ஐபோன் முயல்வது அதற்கு ஒரு காரணம். போட்டோஸ் அமைப்பில் 'கீப் ஒரிஜினல்ஸ்' என்பதைத் தேர்ந்து பாருங்கள்.

கார்டு பழுதெனின் அதில் மேற்கொண்டு எதையும் எழுதாதீர்கள். கார்டு ரீடரில் இட்டு, போட்டோரெக் என்னும் இலவச மென்பொருளால் மீட்க முயலலாம். மீட்டவற்றை வேறு வட்டில் சேமிக்க வேண்டும். கைப்பேசியின் உள்நினைவகத்தில் முற்றாக அழிந்தது மீள்வது அரிது. இக்காலக் கைப்பேசிகள் தரவை மறையாக்கம் செய்தே வைக்கின்றன. எனவே நீக்கியவை தங்கும் தொட்டியைக் காலம் கடக்குமுன் பாருங்கள். வந்து சேராத பகுதியை எந்த மென்பொருளும் படைத்துத் தராது.

ஆகவே நண்பர்களே, 'கட்' வேண்டா, 'காப்பி' போதும். முடியும் வரை கைப்பேசியின் பூட்டைத் திறந்தே வையுங்கள். படங்களின் எண்ணிக்கையையும் அளவையும் சரிபாருங்கள். சிலவற்றையேனும் முழுதாகத் திறந்து பாருங்கள். வேறொரு வட்டில் இரண்டாம் படி ஒன்று வையுங்கள். மூலத்தை அழிப்பது இவையெல்லாம் முடிந்த பிறகு செய்யும் வேலை.