நடுக்குவாதம் வந்தவர் நடக்கலாமா?

சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கை நடுங்கும். நடை சிறுத்துப்போகும். சட்டைப் பொத்தான் போட வெகுநேரம் ஆகும். இதுதான் நடுக்குவாதம். டாக்டர்கள் பார்க்கின்சன் நோய் என்பார்கள். 1817-இல் இதைப் பற்றி எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனின் பெயர் அது.

நம் மூளையில் டோபமின் என்று ஒரு பொருள் சுரக்கிறது. கைகால் அசைவைச் சீராக வைப்பது அதுதான். அது குறைந்தால் இந்த நோய் வரும். தொட்டால் ஒட்டாது. யாருடைய சாபமும் இல்லை.

"விழுந்துவிடுவீர்கள், உட்காருங்கப்பா" என்று வீட்டில் சொல்வார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் உட்கார உட்கார உடல் இன்னும் விறைக்கும். கால் பலம் குறையும். விழுவதும் அதிகமாகும். ஆகவே நடக்கத்தான் வேண்டும்.

எப்போது நடப்பது? மாத்திரை வேலை செய்யத் தொடங்கி, உடல் இளகிய பிறகு நடங்கள். பலருக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். மருந்தின் வேகம் இறங்கிய நேரத்தில் வேண்டாம்.

வழுக்கும் ரப்பர் செருப்பு வேண்டாம். பின்னால் வார் உள்ள செருப்பு நல்லது. குதிகாலை முதலில் ஊன்றி, பெரிய அடியாக வையுங்கள். கையை வீசுங்கள். நின்ற இடத்திலேயே சுழலாதீர்கள். பஸ் திரும்புவதுபோல வளைந்து திரும்புங்கள்.

சில சமயம் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும். குறுகிய வாசலில் இது அதிகம். நம் ஸ்ரீராமபுரம் சந்து வீடுகளின் வாசலைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? அப்போது கூட இருப்பவர் இழுக்கக் கூடாது. இழுத்தால் விழுவார். அப்படியே நில்லுங்கள். மூச்சு விடுங்கள். உடல் பாரத்தை இடது கால், வலது கால் என்று மாற்றுங்கள். பிறகு "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சத்தமாக எண்ணிக் காலை எடுங்கள். தரையில் குறுக்கே ஒரு கோடு இருந்தால் இன்னும் எளிது. வெறுந்தரையில் நகராத கால், கோட்டைக் கண்டால் பலருக்குத் தாண்டிவிடும்! வாசலில் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள்.

லால்பாக் போகிறவர்கள் சமமான பாதையில் நடங்கள். பாறைக் குன்றில் ஏற வேண்டாம். அதற்குச் சுமார் 300 கோடி வயது. எங்கும் ஓடிவிடாது.

நடக்க முடியாத நாளில், சுவரோரம் கைப்பிடி நாற்காலி போட்டு, உட்கார்ந்து எழுந்து பழகுங்கள். மெதுவாக எழுங்கள். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். சுற்றினால் நிறுத்துங்கள். நெஞ்சு வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பயிற்சி தொடங்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. இந்த நோய்க்கு அங்கே வைத்தியம் உண்டு. போகும்போது மாத்திரை போடும் நேரத்தை ஒரு தாளில் உங்கள் கையாலேயே எழுதிக்கொண்டு போங்கள். எழுத்து வரவரச் சிறுத்துப் போயிருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். அதுவும் இந்த நோயின் அடையாளம்.